கன்னையா தீர்மானம்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு ஒரு தண்ணீர் பைப்பைத் திறக்கக்கூட மாலையும் மைக்கும் வேண்டியிருக்கிறது. போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கடை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. என்னவென்று பார்த்தால், கடைக்காரர் ஒரு நாற்காலிக்குப் புதுத் தோல் போட்டிருக்கிறார். அதைத் திறந்துவைக்க யாரோ பெரிய மனுஷர் வருகிறாராம். பாதி வெட்டிய தலையோடு இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கோபம் இல்லை. போட்டோவில் நல்லபடியாக விழவேண்டும் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். ஆனால் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பெயர் கன்னையா. வயது எழுபத்தொன்பது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். மழை பெய்த நாட்களைக் கழித்துவிட்டால் இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு ரப்பர் பால் ஏற்றுகிற லோரியில் கூலி, அப்புறம் லோரி டிரைவர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷில் சாலைப் பலகைகளை அடையாளம் தெரியும். மற்றபடி எழுதி வைத்திருப்பதை எல்லாம் நான் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை.

கிள்ளானில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் சங்கம் இருக்கிறது. ஒன்பதாங்கட்டைத் தோட்ட முன்னாள் மக்கள் நற்பணிச் சங்கம். தோட்டம் இல்லாமல் போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் தாமான், பெட்ரோல் ஸ்டேஷன். ஆனால் சங்கத்தில் தலைவர், மூன்று துணைத்தலைவர், செயலாளர், துணைச்செயலாளர் என்று பதினெட்டுப் பதவி உண்டு. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். பதவியில்லாத இருபத்து மூன்று பேரில் நான் ஒருத்தன்.

சங்கத்தில் உருப்படியான பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு கம்ப்யூட்டர். தோட்டத்துக் கோயிலில் நடந்த கல்யாணங்களை எல்லாம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய அந்தக் காலத்துக் கெராணி ஒரு தடிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டு வைத்தார். மறு வருடம் வெள்ளம் வந்தபோது, செயலாளர் வீட்டில் ‘பத்திரமாக’ இருந்த புத்தகம் சாணி மாதிரி கரைந்து போனது. அதனால் இப்போது யாராவது தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்டு வந்தால், அந்தக் கம்ப்யூட்டரில்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை செயலாளர் முகுந்தன் அதைத் திறந்தார். முகுந்தன் துறைமுகத்தில் முப்பது வருடம் கெராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தும்மினால்கூட இரண்டு காப்பி எடுத்து ஒன்றைக் கோப்பில் வைக்கிற ஆள். திரை முழுக்க நீலமாக ஒரு பக்கம் வந்து நின்றிருந்தது. புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்திருக்கிறது, இப்போதே போடட்டுமா என்று கேட்டதாம். கீழே இரண்டு பெட்டி. பெரிய பெட்டியில் ‘இப்போதே’ என்று எழுதியிருந்தது. சின்னப் பெட்டியில் ‘பிறகு நினைவூட்டு’. முகுந்தன் இரண்டையும் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, அவசரக் கூட்டத்துக்குக் கடிதம் அடித்தார். அடித்தார் என்பது தப்பு. கம்ப்யூட்டரைத் தொட முடியாததால் கையால் எழுதினார்.

கூட்டம் நடக்கப் பதிமூன்று பேர் வேண்டும். பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள். சாப்பிட மீ கோரேங் நூடுல்ஸ் உண்டு என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் நான் உள்ளே போன கதை.

தலைவர் திருச்செல்வம் கூட்டத்தைத் தொடங்கினார். அவர் லைசென்ஸ் வாங்கிய குத்தகையாளர், பெட்டாலிங் ஜெயாவில் கால்வாய் கட்டுகிறவர். “இது ஒரு சாதாரண கேள்வி இல்லை. ஒரு இயந்திரம் நம்ம சங்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கு. நாம என்ன பதில் சொல்லப் போறோம்கிறதை வருங்காலம் பார்த்துக்கிட்டிருக்கு” என்றார்.

கணினி ஆலோசகர் என்ற பதவியில் ரெங்கசாமி இருக்கிறார். கைப்பேசிக்கு உறை விற்கிற கடை வைத்திருப்பவர். “இதுல பேச என்ன இருக்கு பாஸ்? பெரிய பெட்டிய அமுக்குனா ஒரு மணி நேரத்துல போட்டுரும். சின்னப் பெட்டிய அமுக்குனா இந்தப் பக்கம் மூடிக்கும், நீங்க பாட்டுக்கு வேலையப் பார்க்கலாம். ரெண்டும் ஒண்ணுதான்லா” என்றார்.

முகுந்தன் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டும் ஒண்ணு எப்படி ஆகும்? எதை அமுக்கினாலும் அது முடிவு. முடிவுன்னா தீர்மானம் வேணும். நம்ம சட்டவிதியில ‘இப்போது’ன்னு ஒரு வார்த்தையே கிடையாது. ‘உரிய காலத்தில்’னுதான் இருக்கு.”

ஆலோசகர் இருதரப்புக் கருத்துகளையும் முன்வைத்தார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஓட்டு. உடனே போடலாம் என்று ஆறு பேர். பொறுக்கலாம் என்று ஆறு பேர். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்போது மீ கோரேங்கில் இறால் இருக்கிறதா என்று கிளறிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பெட்டி மேலும் நம்பிக்கையில்லை, இவர்கள் மேலும் நம்பிக்கையில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “எதுக்கு இப்ப அவசரம்?” என்றேன்.

கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவை நான் பேசியதற்குக் கைதட்டினார்கள். ‘நிதானமே நிர்வாகம்: கன்னையா தீர்மானம்’ என்று பெயர் வைத்து, ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தார்.

“அப்ப அந்தச் சின்னப் பெட்டிய அமுக்கிரலாமா?” என்று ரெங்கசாமி கேட்டார்.

“தீர்மானம் பொறுக்கச் சொல்லுது. அமுக்கச் சொல்லலை” என்றார் முகுந்தன்.

அப்படித்தான் நீலத் திரை அங்கேயே நின்றது.

அடுத்த வாரம் ஆய்வுக்குழு போட்டார்கள். குழு, கோயில் குருக்களைப் போய்ப் பார்த்தது. குருக்கள் கம்ப்யூட்டர் வாங்கிய பில்லைக் கேட்டார். தேதியைப் பார்த்துக் கணித்துவிட்டு, கன்னி ராசி, அஸ்த நட்சத்திரம் என்றார். கன்னி ராசிக்காரர்கள் இந்த மாதம் புதிதாக எதையும் உள்ளே ஏற்றுக்கொள்ளக் கூடாதாம். ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் பேரில் ஒரு அர்ச்சனையும் செய்தார். எந்தக் கோத்திரம் என்று கேட்டதற்கு முகுந்தன் அது தைவானில் செய்தது என்றார்.

ஐந்து வாரம் காத்திருக்கத்தான் போகிறோம், சும்மா ஏன் காத்திருக்க வேண்டும் என்று தலைவருக்குத் தோன்றியது. டத்தோ கார்த்திகேசுவைக் கூப்பிட்டு அந்தப் பெரிய பெட்டியை அமுக்கச் சொன்னால் என்ன? சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர், அவருக்கு நாற்பது லோரி ஓடுகிறது. அவருடைய காரியதரிசி போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம், ரிப்பனா, குத்துவிளக்கா, பட்டனா என்று. பட்டன் என்றதும் ஒத்துக்கொண்டார்கள். பட்டனுக்குக் குனிய வேண்டியதில்லை.

டத்தோ வருகிறார் என்றதும் எல்லாமே மாறிவிட்டது. அதுவரை யாருக்கும் தைரியமில்லாமல் தொடாமல் இருந்த கம்ப்யூட்டரை, இப்போது யாரும் தொடக் கூடாது என்று ஆக்கினார்கள். யாராவது கை தவறி அமுக்கிவிட்டால் டத்தோ வந்து எதை அமுக்குவார்? மஞ்சள் துணி போட்டு மூடி, குங்குமம் வைத்தார்கள். காவலுக்கு ஒரு ஆள் வேண்டும். தீர்மானத்துக்குச் சொந்தக்காரர் இருக்கும்போது வேறு யார்?

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். ‘கணினிப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்’. என் போட்டோவும் இருந்தது. தினமும் ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் வேலை. திரை தூங்கிவிடக் கூடாது என்று முகுந்தனுக்குப் பயம். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துணிக்குள் கையை விட்டு மவுஸை அசைக்க வேண்டும். “அசைக்கணும் அண்ணே, அமுக்கக் கூடாது” என்று முதல் நாள் என் கையைப் பிடித்து மூன்று தடவை காட்டிக் கொடுத்தார். லோரி ஸ்டீரிங் பிடித்த கை. மவுஸ் குருவிக்குஞ்சு மாதிரி இருந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையை நான் வீட்டுக்குப் போகும்போதும் கழற்றவில்லை. பாசாரில் மீன்காரன், “என்ன அங்கிள், கவர்மென்ட் வேலையா?” என்று கேட்டான். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் காஜாங்கிலிருந்து ஒரு சகோதர சங்கத்தார் வேனில் வந்தார்கள். நாங்கள் எப்படிக் காத்திருக்கிறோம் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள ஆய்வுப் பயணமாம். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, இருநூறு குச்சி சாத்தே கொண்டு வந்திருந்தார்கள். வரிசையாக நின்று மஞ்சள் துணியைப் பார்த்தார்கள். நான் பத்து நிமிடம் ஆனதும் கையை உள்ளே விட்டு மவுஸை அசைத்துக் காட்டினேன். அவர்களுடைய தலைவர் கண் கலங்கிவிட்டார். “நாங்க புத்தியில்லாம வந்த அன்னிக்கே போட்டுட்டோம் அண்ணே. ஒரு விழா எடுக்கலை, ஒரு மாலை போடலை. இப்ப அதைக் கழட்டி வச்சிட்டு மறுபடி போட முடியுமான்னு பாக்குறோம்” என்றார்.

நான் சாத்தே தின்றுகொண்டே தலையை ஆட்டினேன். நானும் ஏதோ பெரிய காரியம் செய்கிற மாதிரிதான் அப்போது இருந்தது.

இராஜம்மா முதலில் வந்தது அதற்கு மறுநாள்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிற வேலை. ரயில் பிடித்து வந்திருந்தாள். படி ஏறி வரும்போதே கீழே கடையில் எனக்கும் சேர்த்து ஒரு தே தாரிக் டீ பாக்கெட் வாங்கி வந்திருந்தாள். அவளுடைய அப்பா வேலாயுதத்தை எனக்குத் தெரியும். பால் லோரியில் எனக்கு மூத்த கூலி. செத்துப்போய் ரொம்ப வருடமாகிறது.

“நான் இங்கயேதான் பொறந்தேன் அண்ணே. இருந்தும் இன்னும் செவப்பு ஐசிதான்” என்றாள். குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடிமக்களுக்கு நீலம். “அப்பாவுக்கு நீல ஐசி. ஆனா அவங்க கல்யாணத்தைக் கோயில்ல மட்டும்தான் எழுதினாங்க. பதிவிலாகாவுல அந்தப் பழைய பதிவு இருந்தா கொண்டாங்கன்னு சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமை இல்ல, அடுத்த வியாழக்கிழமை நேர்காணல். ஒரு பக்கம் எடுத்துக் குடுத்தீங்கன்னா போதும்.”

“கம்ப்யூட்டர் இப்ப ஓடாதும்மா. டத்தோ வரணும்.”

“கெட்டுப் போச்சா?”

“கெடலை. நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் தொடக் கூடாது.”

அவள் சிரிக்கவில்லை. ஆபீஸ்களில் இதைவிடப் பெரிதாகக் கேட்டுப் பழகியவள். தயங்கி நின்றுவிட்டு, “எங்கப்பா அம்மா கல்யாணம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா அண்ணே? நீங்க அப்ப தோட்டத்துல இருந்திருப்பீங்களே” என்று கேட்டாள்.

“தைப்பூசம் முடிஞ்சா ஒரே நாள்ல நாலு கல்யாணம் நடக்கும். யாரு கண்டா” என்றேன். பத்து நிமிடம் ஆகியிருந்தது. மவுஸை அசைக்க வேண்டும் என்கிற கவலையில் இருந்தேன்.

முகுந்தனிடம் அனுப்பி வைத்தேன். அவர் மனு எழுதித் தரச் சொன்னார். மனுவை ஒரு உறுப்பினர் முன்மொழிய வேண்டும் என்றார். அவள் உறுப்பினர் இல்லை, அப்பாதான் உறுப்பினர், அவர் செத்துவிட்டார். செத்தவர் முன்மொழிய முடியாது என்பதைக் கனிவாகச் சொல்லி அனுப்பினார். தே தாரிக்கை நான் குடித்து முடித்திருந்தேன்.

இரண்டாவது தடவை, நேர்காணலுக்கு முதல் நாள் புதன்கிழமை, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தாமரை என்று பெயர். கிளினிக்கில் மருந்து கொடுக்கிற வேலையாம். அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். முகுந்தன் அன்று பந்தல் சாமான் பார்க்கப் போயிருந்தார். நான் மட்டும்தான்.

“அங்கிள், என்னதான் பிரச்சினை, காட்டுங்க பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் மஞ்சள் துணியைத் தூக்கிவிட்டாள். நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். திரையைப் பார்த்ததும் அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “இவ்வளவுதானாம்மா? இதுக்கா ரெண்டு வாரம் அலைய விட்டாங்க? அங்கிள், இது சும்மா கேக்குதுலா. இந்தச் சின்னப் பெட்டிய அமுக்குனா மூடிக்கும். அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க அஞ்சு நிமிஷம். அப்புறம் இது தானா திரும்பி வரும், ஒங்க டத்தோ வந்து ஆசை தீர அமுக்கட்டும்.”

ரெங்கசாமி சொன்னதும் இதுதான். எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்தது.

அவள் மவுஸின் மேல் கையை வைத்தாள். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாக இல்லை. அவள் வளையல் நெளிந்துவிட்டது.

“தொடாதே! யாரைக் கேட்டுத் தொடுற? ஒங்களுக்கெல்லாம் எல்லாத்துக்கும் அவசரம்!” என்று கத்தினேன்.

தாமரை பதில் பேச வாயைத் திறந்தாள். இராஜம்மா அவளைத் தடுத்தாள். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. “அம்பத்தஞ்சு வருஷமா செவப்பு ஐசி வச்சிருக்கேன் அண்ணே. நான் அவசரப்பட்ட மாதிரியா இருக்கு?” என்று கேட்டாள்.

என் கழுத்தில் அட்டை இருந்தது. அட்டையைத்தான் தடவிக்கொண்டு நின்றேன்.

இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். கீழே பட்டறையில் யாரோ இயந்திரத்தை முறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும், அவள் மகளிடம் சொன்னது மேலே கேட்டது. “விடும்மா. பாவம், வயசானவரு. அவரை வேலைக்கு வச்சிருக்காங்க.”

மஞ்சள் துணியைத் திரும்பவும் போட்டு மூடினேன். பத்து நிமிடம் ஆனதும் மவுஸை அசைத்தேன்.

வெள்ளிக்கிழமை இராஜம்மாவின் மனுவில் எழுதியிருந்த தாமரையின் நம்பருக்குப் போன் செய்தேன். “அம்மா போயிட்டு வந்துட்டாங்க அங்கிள். அந்த ஆபீசர் நல்ல மனுஷன்தான், அரை மணி நேரம் பேசினாராம். அந்தப் பழைய பதிவு இல்லாம ஒண்ணும் செய்ய முடியாதாம். முதல்ல இருந்து மனு போடணும்” என்றாள். வளையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா. படியெல்லாம் வாழை மரம். பட்டறைக்காரர் அன்றைக்குக் கடையை மூட வேண்டியதாகிவிட்டது. நல்ல நேரம் பத்தரை. டத்தோ வந்தபோது பன்னிரண்டு. குருக்கள், டத்தோ எப்போது வருகிறாரோ அதுவே நல்ல நேரம் என்று பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

முகுந்தன் ஆண்டறிக்கை மாதிரி ஒன்று வாசித்தார். “எதையும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு. அதைச் செய்வது எல்லாரும் நினைப்பதைப் போல் சுலபமல்ல. இந்த ஐந்து வாரத்தில் பதினோரு மனுக்கள் வந்தன. பதினொன்றும் நிலுவையில் வைக்கப்பட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை.”

கைதட்டல். அந்தப் பதினொன்றில் ஒன்று இராஜம்மாவுடையது. நானும் தட்டினேனா என்று கேட்காதீர்கள். தட்டினேன். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது கை தானாகப் போகிறது.

தலைவர் எழுந்தார். “நம்ம கம்ப்யூட்டரை ஒருவரும் பயன்படுத்தவில்லை என்பதுதான் நம்ம நிர்வாகத்தின் மிகப் பெரிய சாதனை. பயன்படுத்தினால் பழையதாகிவிடும். நாம் அதைப் புதுசாகவே வைத்திருக்கிறோம்.”

டத்தோ சுருக்கமாகப் பேசினார். “எங்க வீட்ல நான் கம்ப்யூட்டரைத் தொடுறதில்லை. ஆபீஸ்லயும் தொடுறதில்லை. அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. ஆனா சமுதாயம்னு வந்துட்டா எதையும் தொடத் தயங்க மாட்டேன்.”

நாதஸ்வரம் வாசித்தார்கள். மஞ்சள் துணியை எடுக்கிற பொறுப்பு எனக்கு. எடுத்தேன். டத்தோவுக்கு மவுஸைப் பிடித்துக் கொடுத்தேன். “டத்தோ, இங்க பாருங்க... கொஞ்சம் சிரிங்க... கையை அப்படியே வச்சுக்கோங்க...” என்றார் போட்டோ எடுக்கிறவர். டத்தோ அவரைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அமுக்கினார்.

சின்னப் பெட்டியை அமுக்கிவிட்டார்.

நீலப் பக்கம் மூடிக்கொண்டது. ஐந்து வாரமாக அதற்குப் பின்னால் இருந்த பழைய திரை, பத்துமலை முருகன் படத்தோடு, அப்படியே வந்து நின்றது. மாற எடுத்தது ஒரு வினாடி. அதற்கு மேல் இல்லை.

“பார்த்தீங்களா வேகத்தை! இதுதான் புது சிஸ்டம்!” என்று தலைவர் கத்தினார். டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரெங்கசாமி என் காதுப் பக்கம் வந்து, “அண்ணே, ஒண்ணும் போடலை. இது பழசுதான். சத்தம் போடாதீங்க” என்றார்.

எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். நான் முகுந்தனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேலாயுதம் கல்யாணப் பக்கத்தை எடுத்துக் குடு.”

“இன்னிக்கு விழா அண்ணே. நாளைக்கு மனுவைப் பார்த்து...”

“இப்ப எடுத்துக் குடு.”

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் உட்கார்ந்தார். தேடினார். தாமரை ஐந்து நிமிடம் என்று சொன்னாள். மூன்று நிமிடம்தான் ஆனது.

தாள் சூடாக வெளியே வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். 1967, மாசி மாதம். மாப்பிள்ளை வேலாயுதம். பெண் பேர். கெராணி கையெழுத்து. கீழே சாட்சி என்று போட்டு ஒரு பெருவிரல் ரேகை. ரேகைக்குப் பக்கத்தில் கெராணி எழுதியிருந்தார்: கன்னையா, லோரிக் கூலி.

அந்தக் காலத்தில் கோயில் வாசலில் யார் நிற்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டு விரலை மையில் தோய்த்து வைக்கச் சொல்வார்கள். நான் வாசலில் நின்றிருக்கிறேன். விருந்துக்குத்தான் நின்றிருப்பேன். இங்கேயும் மீ கோரேங்குக்குத்தானே போனேன்.

அவள் கேட்டாள். ஞாபகம் இருக்கா அண்ணே என்று நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் யாரு கண்டா என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கே ரவாங்குக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. திங்கள், செவ்வாயும் போகவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. வியர்வையில் தாள் நசுங்காமல் இருக்க, ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மறுபடி அவசரக் கூட்டம். அந்த நீலப் பக்கம் திரும்பி வந்துவிட்டது. இப்போதே போடட்டுமா என்று கேட்கிறது. தலைவர் முகத்தில் கவலையே இல்லை. இரண்டாவது விழா எடுக்க ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை டத்தோ போதாது, டான்ஸ்ரீ யாராவது கிடைப்பாரா என்று பார்க்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் ஐந்து வாரம் காவல் காத்ததற்காக எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பச்சை நிறம். டத்தோவுக்குப் போட்டதில் மிச்சம் இருந்தது போல.

“அந்த ரவாங் அம்மா?” என்று கேட்டேன்.

“எந்த அம்மா?” என்றார் தலைவர்.

முகுந்தன் கோப்பைப் புரட்டிச் சொன்னார்.

“அட, அவங்களுக்கு என்ன நஷ்டம் அண்ணே? இன்னொரு தேதி குடுப்பாங்க. அவ்வளவு வருஷம் பொறுத்தவங்க, இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டாங்களா? ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க தீர்மானத்தைத்தான் காப்பாத்தினீங்க” என்றார் தலைவர். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என்னைச் சமாதானப்படுத்தப் பன்னிரண்டு பேர்.

மறுபடி ஓட்டு. மறுபடி ஆறுக்கு ஆறு. “கன்னையா அண்ணே, நீங்க சொல்லுங்க. இப்பவே போடலாமா, பொறுக்கலாமா?”

நான் எழுந்தேன். பொன்னாடையை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போட்டேன். கழுத்து அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். அவர்கள் அதையும் ஏதோ மரியாதை என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கினார்கள்.

முகுந்தன் படிவரைக்கும் பின்னாலேயே வந்தார். “எங்க அண்ணே போறீங்க? ஓட்டு இன்னும் முடியலை.”

“ரவாங்குக்கு. பேப்பர் இருக்கு. சாட்சி சொல்லணும்னா ரேகை வச்ச விரலும் இருக்கு. அந்த ஆபீசர் முன்னால கொண்டு போய் நீட்டுறேன்.”

“நல்லது. அது நல்ல பொண்ணு அண்ணே, ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டா. ஆபீசரும் ஒங்களைப் பார்த்தா ஒத்துக்குவாரு. எல்லாம் சரியாயிடும்.”

இருக்கலாம். படித்தவர், சொல்கிறார். நான் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே படி இறங்கினேன். ஐம்பது வருடம் ஸ்டீரிங் பிடித்து ரேகையெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பட்டறையைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.